சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடி

லைக்கா எம் வகைக் கேமராவில், லென்ஸ் வந்து பூட்டிக்கொள்ளும் உலோக வளையத்துக்கும் பின்னால் ஃபிலிம் ஓடும் தளத்துக்கும் இடையே 27.8 மில்லிமீட்டர். அதற்கு முந்தைய, மரை போட்டுத் திருகும் லைக்காக்களில் 28.8. இந்த இடைவெளியை ஃபிளாஞ்ச் தூரம் என்பார்கள். லென்ஸைச் செய்தவர் இந்த எண்ணை நம்பித்தான் அதன் கண்ணாடிகளை அமைத்தார். அந்தத் தூரத்தைவிடக் கொஞ்சம் முன்னால் தள்ளி நின்றால்கூடப் போதும், தொலைவில் உள்ள எதுவும் தெளியாது.

கண்ணாடி மடங்கி நிமிரும் எஸ்எல்ஆர் கேமராக்களில் இந்த இடைவெளி பெரிது. நிக்கான் எஃப் மவுண்டில் 46.5, கேனான் இஎஃப்பில் 44. லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி எழுந்து படுக்க இடம் வேண்டுமே. அதில் லைக்கா போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவின் பழைய லென்ஸைப் பொருத்துவதென்றால், அதைக் கேமராவின் வயிற்றுக்குள் 15 மில்லிமீட்டருக்கு மேல் இறக்க வேண்டும். நடக்கிற காரியம் அல்ல. அதனால் டிஜிட்டல் எஸ்எல்ஆர் கொடிகட்டிப் பறந்த காலத்தில் இந்த லென்ஸ்களுக்குப் போக்கிடம் அநேகமாக இல்லை. 2004இல் எப்சன் கொண்டுவந்த ஆர்-டி1, 2006இல் வந்த லைக்கா எம்8 என்று டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர்கள் இருந்தன. விலை நம்மை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க விடவில்லை.

2008இல் பானசோனிக் ஜி1 வந்தது. மடங்கும் கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, சென்சார் பார்ப்பதையே திரையில் காட்டிய மிரர்லெஸ் கேமரா அது. இரண்டு ஆண்டில் சோனி தன் இ மவுண்ட்டைக் கொண்டுவந்தது. அதில் ஃபிளாஞ்ச் தூரம் வெறும் 18 மில்லிமீட்டர். ஃபியூஜி எக்ஸில் 17.7. 2018இல் வந்த நிக்கான் இசட்டில் 16, கேனான் ஆர்எஃப்பில் 20. இப்போது கணக்கு தலைகீழாகிவிட்டது. 27.8இலிருந்து 18ஐக் கழித்தால் 9.8. அந்த அளவுக்கு ஓர் உலோக வளையம், உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாமல் இருந்தால் போதும், எழுபது வருடத்துக்கு முந்தைய லென்ஸ் நேற்று வாங்கிய கேமராவில் படம் எடுக்கும். அந்த வளையம்தான் அடாப்டர்.

வடசென்னையின் எர்ணாவூர் மாதிரி ஊரில் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. துறைமுகத்தையும் கப்பலையும் நம்பிப் பிழைத்த வீடுகள் திருவொற்றியூரிலிருந்து கத்திவாக்கம் வரை இருக்கின்றன. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் 1960களில் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிக் கடை போட்ட பிறகு, வெளிநாட்டுக் கேமரா பார்க்க பர்மா பஜாருக்குத்தான் போவார்கள். அந்தக் காலத்து லென்ஸ் ஒன்று பரணில் தோல் உறையோடு கிடப்பது இங்கே அதிசயம் இல்லை. ஆனால் பரணைத் துழாவுமுன் ஒன்று. யாஷிகா எலெக்ட்ரோ 35 போன்றவையும் ரேஞ்ச்ஃபைண்டர்தான். அவற்றின் லென்ஸ் உடம்போடு ஒட்டியது, கழற்ற முடியாது. கழற்ற முடிகிறவற்றில் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பவை பெரும்பாலும் சோவியத் சரக்கு: ஃபெட், ஜோர்க்கி கேமராக்களோடு வந்த இண்டஸ்டார், ஜூப்பிட்டர் லென்ஸ்கள். அவை பழைய லைக்காவின் அதே மரையில் பொருந்துபவை. கீவ் கேமராவுக்கான ஜூப்பிட்டர் வேறு சாதி. அந்த 50 மி.மீ. லென்ஸில் ஃபோகஸ் திருகும் மரையே இருக்காது, அது கேமரா உடம்பில் இருக்கும். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டால் அதற்கான அடாப்டருக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டிவரும்.

ஜூப்பிட்டர்-8இன் வம்சாவளி பெரியது. லுட்விக் பெர்டெலே என்ற ஜெர்மானியர் 1930களின் தொடக்கத்தில் ஸைஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்த சொன்னார் லென்ஸ்தான் அது. ஆறு கண்ணாடிகளை மூன்று கட்டுகளாக ஒட்டியிருப்பார். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்பு ஒவ்வொன்றிலும், பூச்சு இல்லாவிட்டால் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிப் போய்விடும். பரப்புகளைக் குறைத்தால் அந்த இழப்பும் குறையும், உள்ளே ஒளி சிதறுவதும் குறையும். பூச்சு இல்லாத காலத்துக்கு இதைவிடச் சாமர்த்தியமான வழி இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஸைஸின் இயந்திரங்களையும் வரைபடங்களையும் சோவியத் யூனியன் இழப்பீடாக எடுத்துப்போயிற்று. சொன்னார் அங்கே ஜூப்பிட்டர் ஆனது.

இந்த லென்ஸ்களுக்குப் பழைய கேமராவில் இரண்டு வியாதிகள் இருந்தன. ரேஞ்ச்ஃபைண்டர் என்பது முக்கோண அளவை. இரண்டு சன்னல் வழியாக ஒரே பொருளைப் பார்த்து, இரண்டு உருவமும் ஒன்றன்மேல் ஒன்று படியும்வரை லென்ஸைத் திருகுவது. லைக்கா எம்3இல் அந்த இரு சன்னல்களுக்கு இடையே 68.5 மி.மீ. நீங்கள் பார்ப்பது லென்ஸின் படத்தை அல்ல. லென்ஸின் பின்புறம் ஒரு நெம்பைத் தள்ள, அது சன்னலுக்குள் ஓர் உருவத்தை நகர்த்த, எல்லாம் சரியாக இருந்தால் படமும் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை. சோவியத் 50 மி.மீ. லென்ஸ்கள் உண்மையில் 52.4 மி.மீ. என்ற கான்டாக்ஸ் கணக்குப்படி செய்யப்பட்டவை; லைக்காவோ 51.6ஐ எதிர்பார்த்தது. அந்த வித்தியாசத்தில், கிட்டத்தில் முகம் எடுத்தால் கண்ணுக்குப் பதில் காது தெளியும். இது முதல் வியாதி. இரண்டாவது, சொன்னார் வடிவத்துக்கே உரியது: அபெர்ச்சரைச் சுருக்கினால் ஃபோகஸ் விழும் இடமே கொஞ்சம் நகரும்.

மிரர்லெஸ்ஸில் இரண்டும் போன இடம் தெரியவில்லை. நெம்பும் இல்லை, சன்னலும் இல்லை. படம் பதியப்போகும் சென்சாரே திரையில் காட்டுகிறது. பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்துக் கண்ணிமையில் ஃபோகஸ் வைக்கலாம். எடுக்கப்போகும் அபெர்ச்சரிலேயே பார்ப்பதால் நகர்ந்தாலும் நகர்ந்த இடத்தில் பிடித்துவிடுகிறோம். எஸ்எல்ஆரில் அபெர்ச்சரைச் சுருக்கினால் வ்யூஃபைண்டர் இருண்டுவிடும். இதில் திரை தானே வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும். லைக்காவில் ஒரு மீட்டருக்குள் கிட்டே போகவிடாத லென்ஸைக்கூட, நீளும் வகை அடாப்டர் நெருங்க வைக்கும். 50 மி.மீ. லென்ஸை இன்னும் 4 மில்லிமீட்டர் முன்னால் தள்ளினால் அரை மீட்டருக்கும் உள்ளே வந்துவிடலாம். செய்த ஊரிலேயே கிடைக்காத வசதி இது.

இதுவரை எல்லாம் இனிப்பு. கேமரா வாங்குகிறவர்கள் மெகாபிக்சலையும் வீடியோவையும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. சென்சாருக்கு முன்னால் ஒட்டியிருக்கும் கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர்?

சிலிக்கான் சென்சாருக்கு நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் தெரியும். அதை வடிகட்டாவிட்டால் நிறங்கள் கெடும். அதற்காகவும், பிக்சல் கட்டங்களோடு மோதி வரும் பொய்க்கோலங்களைத் தடுக்கவும், தூசியை உதறவும், சென்சார் மேல் அடுக்கடுக்காகக் கண்ணாடித் தகடுகள் உண்டு. சோனி ஏ7 வரிசையில் இவை சேர்ந்து சுமார் 2 மி.மீ. நிக்கான் இசட்டில் 1 மில்லிமீட்டரை ஒட்டி. லைக்காவின் டிஜிட்டல் எம் கேமராக்களில் ஒன்றுக்கும் குறைவு. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் சுமார் 4. ஃபிலிமில் இப்படி எதுவும் கிடையாது. பழைய லென்ஸை வடிவமைத்தவர், பிற்காலத்தில் ஒருவர் நடுவில் தகடு ஒன்றைச் செருகுவார் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

தகடு என்ன செய்கிறது? வாளித் தண்ணீரின் அடியில் கிடக்கும் நாணயம் மேலெழுந்து தெரிகிறதல்லவா, அதே ஒளிவிலகல்தான். நேராக வந்து குவியும் ஒளியின் குவிபுள்ளியைத் தகடு தன் தடிமனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பின்னால் தள்ளும். 2 மி.மீ. தகடு என்றால் 0.67 மி.மீ. இதனால் பாதகம் இல்லை, ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிச் சரிசெய்துவிடுவீர்கள். சிக்கல் சாய்ந்து வரும் ஒளியில். 40 பாகை சாய்வில் வரும் ஒளிக்கு அதே தகடு குவிபுள்ளியை 0.87 மி.மீ. தள்ளுகிறது, ஒரு திசையில் அதைவிடவும் அதிகம். நடுவுக்கும் மூலைக்கும் குறைந்தது 0.2 மி.மீ. வேறுபாடு. நடுவைத் தெளிவாக்கினால் மூலை குழையும், மூலையைத் தெளிவாக்கினால் நடு போகும். எந்தத் திருகும் இரண்டையும் ஒருசேரச் சரிசெய்யாது.

0.2 மில்லிமீட்டர் பெரிய தொகையா? 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்கு வழக்கமாக ஏற்கும் கணக்கில், எஃப் 2இல் சென்சார் தளம் இருபக்கமும் 0.06 மி.மீ. வரை விலகினால்தான் மன்னிப்பு. 0.2 அதன் மூன்று மடங்குக்கும் மேல். எஃப் 8இல் மன்னிப்பு 0.24ஆக விரியும், அப்போது மூலைகள் பெருமளவு தெளிந்துவிடும். "வைட் லென்ஸ் சோனியில் மூலை எல்லாம் குழப்பம், எட்டுக்கு வைத்தால் பரவாயில்லை" என்று படக்காரர்கள் அனுபவத்தில் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்த இரண்டு எண்கள்தான்.

சாய்வு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வாங்கும் முடிவு இருக்கிறது. ஃபிலிம் சட்டத்தின் மூலை, நடுவிலிருந்து 21.6 மி.மீ. தள்ளி இருக்கிறது. 50 மி.மீ. ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸில் ஒளி ஏறக்குறைய 50 மி.மீ. முன்னாலிருந்து புறப்பட்டு வருவதாகக் கொண்டால் மூலையில் சாய்வு 23 பாகைதான். அகலமாகப் பார்க்கும் 25 மி.மீ. லென்ஸ் கிட்டத்தில் உட்கார்ந்து ஒளியை வீசினால் 40ஐத் தாண்டும். எஸ்எல்ஆர் வைட் லென்ஸ்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கண்ணாடிக்கு வழிவிட அவை தூரத்தில் நிற்க வேண்டியிருந்ததால், ஒளியும் நிமிர்ந்தே வரும். ரேஞ்ச்ஃபைண்டர் வைட் லென்ஸ்கள் சின்னதாகவும் கோடு வளையாமலும் இருப்பதற்குக் காரணம் ஃபிலிமுக்கு அருகே போக அவற்றுக்கு இருந்த சுதந்திரம். அந்தச் சுதந்திரமே இப்போது குற்றமாகிவிட்டது.

ஆகவே 50 மி.மீ.யோ அதைவிட நீளமோ உங்களிடம் இருந்தால் கவலையை விடுங்கள். ஃபிலிம் அளவுச் சென்சார் உள்ள எந்த ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ்ஸும் சரி, பழைய சோனியே போதும். 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் படக்கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரஸ்ஸோன் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரின் கடைசி நாள்களைப் படம் எடுத்தார். கையில் லைக்கா, வாழ்நாள் முழுக்க அவர் விட்டுப் பிரியாத 50 மி.மீ. பார்வை. அவருடைய ஒரே லென்ஸ் கொள்கை இன்றைக்கு நம் பர்ஸுக்கும் நல்லது என்பது என் கட்சி.

35 மி.மீ. எல்லைக்கோடு. ஜூப்பிட்டர்-12 என்ற 35 மி.மீ. லென்ஸின் பின்கண்ணாடி மவுண்டைத் தாண்டி உள்ளே நீண்டிருக்கும். உங்கள் கேமராவுக்குள் எதிலாவது இடிக்குமா என்று உறுதியாகத் தெரியாமல் மாட்டாதீர்கள். 28, 25, 21 என்று அகலத்துக்குப் போகிறவர்கள் மெல்லிய தகடு உள்ள நிக்கான் இசட்டைத் தேடுவதே புத்திசாலித்தனம். மூலையில் ஊதாவும் பச்சையும் படியும் இன்னொரு நோய் உண்டு. பிக்சலின் ஆழத்துக்குள் சாய்ந்த ஒளி நுழைய முடியாமல் பக்கத்துப் பிக்சலில் விழுவதால் வருவது. ஒளி வாங்கும் பகுதியைக் கம்பிகளுக்கு மேலே கொண்டுவந்த பின்னொளி சென்சார்கள் அதைப் பெரிதும் அடக்கிவிட்டன. ஃபுல் ஃபிரேமில் முதலாவது 2015இல் வந்த சோனி ஏ7ஆர் 2; நிக்கான் இசட்6, இசட்7 இரண்டிலும் அவ்வகைதான். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி அளவு சென்சார் வாங்கினால் மூலைகளே வெட்டுப்பட்டுப் போவதால் வியாதியும் குறையும். ஆனால் 50 மி.மீ. லென்ஸ் 75 போலப் பார்க்கும். வைட் லென்ஸ் வாங்கிய பயன் போகும்.

தகட்டை இன்னும் மெல்லியதாக்கிவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். லைக்கா அதைச் செய்து பார்த்தது. எம்8இல் தகடு வெறும் அரை மில்லிமீட்டர். மூலைகள் தெளிந்தன, ஆனால் அகச்சிவப்பு உள்ளே புகுந்து, கறுப்பு பாலியஸ்டர் துணியெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் விழுந்தது. வாங்கியவர்களுக்கு லென்ஸின் முன்னால் மாட்ட இலவசமாக ஃபில்டர் கொடுக்க வேண்டியதாயிற்று. 2009இல் வந்த எம்9இல் வேறு கண்ணாடி போட்டார்கள். நிறம் சரியானது, ஆனால் அந்தக் கண்ணாடி ஈரக்காற்றில் அரித்தது. 2014இல் லைக்காவே குறையை ஒப்புக்கொண்டு சென்சார் மாற்றித் தந்தது. இன்று செகண்ட் ஹேண்டில் எம்9 கண்ணுக்குப் பட்டால், சென்சார் மாற்றியதற்கு ரசீது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருப்பவர் கேட்காமல் வாங்கவே கூடாது.

ஈரம் நம் ஊரின் தலைவிதி. ஐப்பசி, கார்த்திகையில் அலமாரிக்குள் வைத்த லென்ஸில் ஃபங்கஸ் வலை பின்னும். அது விடும் அமிலம் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தழும்பு போகாது. பழைய லென்ஸ் வாங்கும்போது அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். முன்கண்ணாடியில் துடைத்ததால் வந்த மெல்லிய கீறல்களுக்குப் பயப்பட வேண்டாம். அபெர்ச்சர் இதழில் எண்ணெய் இருந்தாலும் கவலை இல்லை. எஸ்எல்ஆர் போல இங்கே இதழ்கள் நொடியில் பாய்ந்து மூட வேண்டியதில்லை, நீங்கள்தான் கையால் திருப்பப் போகிறீர்கள். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதத்தை 40க்கும் 50 சதவீதத்துக்கும் இடையே வைத்தால் போதும். ரொம்ப உலர்த்தினால் உள்ளே இருக்கும் மசகும் காயும்.

எண்ணூரின் அனல்மின் சாம்பல், துறைமுகத்து நிலக்கரித் தூள், லாரிகள் கிளப்பும் மண், இவற்றோடு உப்புக்காற்று. மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றிய கணமே சென்சார் வெளியே தெரியும். சில கேமராக்கள் அணைத்ததும் ஷட்டரை மூடிக்கொள்ளும், பல மூடாது. எஃப் 2இல் தெரியாத தூசி, எஃப் 8க்கு வந்ததும் வானத்தில் புள்ளி புள்ளியாக உட்காரும். மூலைக்கு மருந்தாக எஃப் 8ஐச் சொல்லிவிட்டு அதன் பக்கவிளைவைச் சொல்லாமல் விடக்கூடாது. கடற்கரைக்கு ஒரு லென்ஸோடு போங்கள், அங்கே மாற்றாதீர்கள்.

எஃப் 8க்கு இன்னொரு பலன் உண்டு. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய்க் கசடு எர்ணாவூர் பாறைகளில் வந்து அப்பிக்கொண்டது. ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். அப்படியொரு இடத்தில் வளையம் திருப்பி ஃபோகஸ் தேட யாருக்கு நேரம்? 35 மி.மீ. லென்ஸை எஃப் 8இல், 5 மீட்டரில் நிறுத்திவிட்டால் இரண்டரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை ஏறக்குறையத் தெளிவு. ஆட்டோஃபோகஸ் தடுமாறும் முன் படம் முடிந்துவிடும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் தாராளமானது என்று தெரியும், அச்சிட்டால் உறுத்தாது.

ஆனால் லென்ஸில் எழுதிய 5 மீட்டர், உண்மையிலேயே 5 மீட்டராக இருக்க வேண்டும். அதை அடாப்டர்தான் தீர்மானிக்கிறது. அடாப்டர் 0.1 மி.மீ. தடித்துவிட்டால் 50 மி.மீ. லென்ஸ் 25 மீட்டருக்கு அப்பால் எதையும் தெளிவாகக் காட்டாது, 21 மி.மீ. லென்ஸ் நாலரை மீட்டரோடு நின்றுவிடும். இதற்குப் பயந்து மலிவு அடாப்டர் செய்பவர்கள் வேண்டுமென்றே மெல்லியதாகக் கடைகிறார்கள். அப்போது முடிவிலிக் குறிக்கு முன்பே தொலைவு தெளிந்துவிடும், தூர அளவுகள் எல்லாம் பொய்யாகும். திரை பார்த்து ஃபோகஸ் வைப்பவருக்கு நட்டமில்லை. அளவை நம்பி எடுப்பவர் நல்ல அடாப்டருக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும்.

சோதிக்க எர்ணாவூரைவிட வசதியான இடம் கிடைக்காது. துறைமுகத்துக்குள் போகக் காத்து, நடுக்கடலில் நங்கூரம் போட்ட கப்பல்கள் அநேகமாக எப்போதும் உண்டு. லென்ஸின் கணக்கில் அவை முடிவிலி. சூரியன் கடல் பக்கம் எழுவதால் காலையில் பழைய பூச்சுக்குக் கண் கூசும், படம் வெளுக்கும், மாலையில் போங்கள். லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் அடிக்கும் அமைப்பை மெனுவில் போட்டு, ஆட்டம் தடுக்கும் வசதி இருந்தால் அதற்கு லென்ஸின் மில்லிமீட்டரைக் கையால் கொடுத்துவிடுங்கள், இந்த லென்ஸிடம் அதைச் சொல்ல மின்முனை கிடையாது. வளையத்தை முடிவிலிக் குறியில் நிறுத்தி, ஒரு கப்பலைச் சட்டத்தின் நடுவில் வைத்து எஃப் 2இல் ஒன்று, எஃப் 8இல் ஒன்று. அதே கப்பலை நான்கு மூலைக்கும் நகர்த்தி மறுபடியும். நடுவே குழைந்தால் அடாப்டரைத் திருப்பிக் கொடுங்கள். எஃப் 2இல் நான்கு மூலையும் ஒரே மாதிரி குழைந்து எட்டில் தெளிந்தால் அது தகடாகவோ லென்ஸ் வடிவத்தின் இயல்பாகவோ இருக்கலாம், லென்ஸ் பழுது என்று சொல்லாதீர்கள். ஒரே ஒரு மூலை மட்டும் எட்டிலும் தெளியவில்லை என்றால், யாரோ முன்னமே திறந்து பூட்டிய லென்ஸாக அது இருக்கலாம். விலையைப் பாதியாகக் கேளுங்கள்.